நியூபோர்ட்டில் அழித்த வி.எக்ஸ்., டெக்சாஸில் எரித்த கழிவு: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தின் மேற்குப் பகுதியில், வாபாஷ் ஆற்றுக்குச் சற்றுத் தொலைவில், நியூபோர்ட் என்ற சிற்றூரை ஒட்டி ராணுவத்தின் ரசாயனக் கிடங்கு ஒன்று இருந்தது. அமெரிக்கா தயாரித்த வி.எக்ஸ். என்னும் நரம்பு நச்சு, 1961 முதல் அந்தப் பத்தாண்டின் இறுதி வரை அங்கேதான் உற்பத்தியானது. உற்பத்தி நின்ற பிறகும் 1,269 டன் வி.எக்ஸ்., தடித்த எஃகு உருளைகளில் அடைக்கப்பட்டு அதே வளாகத்தில் தங்கிவிட்டது. வி.எக்ஸ். எண்ணெய் போன்ற திரவம், எளிதில் ஆவியாகாது, தோலில் சில மில்லிகிராம் பட்டாலே உயிர் போகும்.

இந்தப் பொருளின் மீது அமெரிக்கப் பொதுமக்களுக்கு இருந்த அச்சத்துக்குப் பழைய காரணங்கள் உண்டு. 1968 மார்ச்சில், யூட்டா மாநிலத்தின் டக்வே ராணுவச் சோதனைத் தளத்தில் வி.எக்ஸ். தெளிப்புச் சோதனை நடந்ததையடுத்து, அருகிலிருந்த பள்ளத்தாக்கில் ஆயிரக்கணக்கான ஆடுகள் மடிந்தன. பழைய ரசாயன ஆயுதங்களைக் கப்பலில் ஏற்றிக் கடலில் மூழ்கடிக்கும் வழக்கம் வெளியே தெரிந்ததும் அதே காலத்தில்தான். 1969-இல் தொடங்கி, இவற்றை எங்கும் எடுத்துச் செல்வதற்கு நாடாளுமன்றம் படிப்படியாகக் கட்டுப்பாடுகள் விதித்தது. 1994-இல் இயற்றிய சட்டம், இருப்பிலுள்ள ரசாயன ஆயுதங்களை ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டு செல்வதையே தடை செய்தது. எங்கே இருக்கிறதோ அங்கேயே அழிக்க வேண்டும் என்பது அதன் சாரம். 1997 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ரசாயன ஆயுதத் தடை ஒப்பந்தம் அழிப்புக்குக் காலக்கெடுவும் விதித்தது.

இந்த ஆய்வின் மையத்துக்குப் போகும் முன் ஒரு செய்தியைக் குறித்துக்கொள்ள வேண்டும். ராணுவத்தின் தொடக்கத் திட்டம் எல்லா இருப்புகளையும் எரியூட்டும் உலைகளில் அழிப்பதாகவே இருந்தது. தங்கள் ஊரில் அத்தகைய உலை வேண்டாம் என்று இண்டியானாவிலும் மேரிலாந்திலும் மக்கள் 1990-களில் தொடர்ந்து எதிர்த்தார்கள். இந்த இரண்டு இடங்களிலும் இருந்தவை வெடிமருந்து பொருத்திய குண்டுகளல்ல, உருளைகளில் அடைத்த வெறும் திரவம் என்பதால், உலையில்லாத மாற்று முறைக்கு அங்கே வாய்ப்பு இருந்தது. ராணுவம் அதற்கு இணங்கியது. நியூபோர்ட்டுக்காகத் தேர்ந்தெடுத்த திட்டம் இரண்டு கட்டமானது: முதலில் வி.எக்ஸை காஸ்டிக் சோடா கரைசலால் சிதைப்பது. பிறகு அதிலிருந்து வரும் கழிவுநீரை மிக உயர்ந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் ஆக்சிஜனோடு வினைபுரியச் செய்து அதே வளாகத்தில் முடித்துவிடுவது.

கழிவுநீரின் தன்மை

வி.எக்ஸை ஏறத்தாழ 90 பாகை செல்சியஸ் வெப்பத்தில் காஸ்டிக் சோடாவோடு கலக்கி வினைபுரிய விட்டால், மூலக்கூறில் பாஸ்பரசுக்கும் கந்தகத்துக்கும் இடையிலான பிணைப்பு அறுகிறது. நரம்பைத் தாக்கும் திறன் அதோடு போகிறது. எஞ்சுவது ஹைட்ரோலைசேட் என்று அழைக்கப்படும் கடுமையான காரத் திரவம். தோலையும் கண்ணையும் எரித்துப் புண்ணாக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. தொழிற்சாலைகளில் வழக்கமாகக் கையாளப்படும் அபாயகரமான திரவங்களின் வரிசையில் அது சேரும். வி.எக்ஸோடு ஒப்பிட்டால் அதன் நச்சு மிகக் குறைவு என்பதை எதிர்ப்பாளர்களில் பெரும்பாலோர் மறுக்கவில்லை.

அவர்கள் கேட்டவை வேறு கேள்விகள். இந்தத் திரவம் ஒரே சீராக இருப்பதில்லை. தொட்டியில் நிற்கவிட்டால் அடியில் நீர்த்தன்மையுள்ள கனமான அடுக்கும், மேலே எண்ணெய்த்தன்மையுள்ள மெல்லிய அடுக்குமாகப் பிரிகிறது. வி.எக்ஸ். எங்கேனும் மிஞ்சியிருந்தால் அது அந்த மேலடுக்கில் தங்கவே வாய்ப்பு அதிகம். மாதிரி எடுக்கும்போது நன்றாகக் கலக்கி எடுத்தார்களா, அடியிலிருந்து மட்டும் எடுத்தார்களா என்பதைப் பொறுத்து முடிவே மாறக்கூடும். தொகுதி ஒன்றை வெளியே அனுப்புவதற்கான அளவுகோல், நூறு கோடிப் பங்கில் 20 பங்கு என்ற எல்லைக்குள் வி.எக்ஸ். தென்படக் கூடாது என்பதாகும். தென்படவில்லை என்பதற்கு இல்லவே இல்லை என்று பொருளல்ல. அந்தக் கருவியும் அந்த முறையும், கந்தகச் சேர்மங்கள் மண்டிய அந்தத் திரவத்தில் அந்த அளவுக்குக் கீழே பார்க்க இயலாது என்பதுதான் பொருள். இதைக் கூட்டங்களில் முதலிலேயே இப்படிச் சொல்லியிருந்தால் பல மாத வாக்குவாதத்தைத் தவிர்த்திருக்கலாம் என்று நினைக்கிறேன். ‘வி.எக்ஸ். இல்லை’ என்ற சுருக்கமான அறிவிப்பும், பிறகு ஆவணங்களில் தென்பட்ட 20 பங்கு என்ற எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்பட்டபோது, ஏதோ மறைக்கப்பட்டது என்ற எண்ணமே மக்களுக்கு மிஞ்சியது.

வேறு மூன்று பண்புகளும் பின்னால் வந்த முடிவுகளைத் தீர்மானித்தன. முதலாவது நாற்றம். சிதைவில் உண்டாகும் தயோலமின் என்ற கந்தகச் சேர்மம், கருவி காட்டுவதற்கு முன்பே மூக்குக்குத் தெரிந்துவிடும் அளவுக்குக் கடுமையானது. இரண்டாவது, ஈ.ஏ. 2192 என்ற துணைப் பொருள். வெப்பமும் காரமும் போதாத நிலையில் வினை நடந்தால் உண்டாகும் இது நீரில் கரையும், எளிதில் சிதையாது, உட்கொண்டால் நஞ்சு. வினையைப் போதிய நேரம் ஓடவிட்டால் இது அழிந்துவிடும் என்பது ராணுவத்தின் பதில். அது வேதியியலின்படி சரியான பதில்தான். மூன்றாவது, மீதில்பாஸ்போனிக் அமிலமும் அதன் உறவுச் சேர்மமும். இவற்றிலுள்ள கார்பன்–பாஸ்பரஸ் பிணைப்பை, கழிவுநீர் நிலையங்களின் பாக்டீரியாக்கள் எளிதில் உடைப்பதில்லை. அதாவது, உயிரியல் சுத்திகரிப்பு நிலையத்துக்குள் அனுப்பினால் இவற்றில் பெரும்பங்கு மறுபுறம் அப்படியே ஆற்றுக்குள் போகும். தடை ஒப்பந்தத்தின் கண்காணிப்புப் பட்டியலில் இருக்கும் சேர்மங்களும் இவைதாம். ஆகவே கழிவுநீரையும் மேலும் சிதைத்து முடிக்க வேண்டிய கடமை நாட்டுக்கு இருந்தது.

2001-க்குப் பின்: வேகம் என்ற முடிவு

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு கணக்கு மாறியது. ஊர்ப்புறத்தில் நிற்கும் 1,269 டன் நரம்பு நச்சு பயங்கரவாதிகளின் இலக்காகலாம் என்ற கவலை, மற்ற எல்லாக் கவலைகளையும் பின்னுக்குத் தள்ளியது. வளாகத்திலேயே இரண்டாம் கட்ட ஆலையைக் கட்டிச் சோதித்து இயக்கக் காத்திருக்காமல், முதல் கட்டத்தை மட்டும் விரைவாகத் தொடங்கி, கழிவுநீரை வெளியிலுள்ள வணிகச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றுக்கு லாரிகளில் அனுப்பிவிடுவது என்று ராணுவம் முடிவு செய்தது. செலவும் குறையும் என்று கருதப்பட்டது.

இந்த முடிவுக்கு நியாயம் இருந்தது. மேரிலாந்தின் ஆபர்டீன் கிடங்கில் இதே பாணியில், கடுகு வாயு என்று வழங்கும் கொப்புள நச்சு சிதைக்கப்பட்டு, கழிவுநீர் நியூ ஜெர்சி மாநிலத்தின் டீப்வாட்டரிலுள்ள டுபாண்ட் நிறுவனத்தின் நிலையத்துக்கு 2003 முதல் சென்றுகொண்டிருந்தது; அதற்குப் பெரிய எதிர்ப்பு எழவில்லை. ஆனால் அந்தக் கழிவுநீரின் முக்கியச் சேர்மமான தயோடைகிளைகாலைப் பாக்டீரியாக்கள் நன்றாகவே சிதைக்கும். ஓரிடத்தில் பலித்த வழியை, வேதியியல் மாறியதைப் போதிய அளவு கணக்கில் கொள்ளாமல், அடுத்த இடத்துக்கும் நீட்டியதுதான் இந்த நிகழ்வின் முதல் சறுக்கல்.

இரண்டாவது சறுக்கல் அமைப்பு சார்ந்தது. கிடங்குள்ள மாநிலங்களில் குடிமக்கள் ஆலோசனைக் குழு அமைக்கச் சட்டத்திலேயே இடம் இருந்தது. நியூபோர்ட் மக்களுக்கு அந்த மேடை கிடைத்தது. கழிவுநீர் சென்று சேரப்போகும் ஊருக்கு அப்படி எந்தக் குழுவும் இல்லை. கழிவை அந்த ஊருக்கு அனுப்ப முடிவெடுத்தபோது, அதைப் பற்றிக் கேள்வி கேட்கும் வாய்க்காலை அனுப்ப யாரும் நினைக்கவில்லை.

டேட்டன், 2003

முதலில் தேர்வானது ஒஹாயோ மாநிலத்தின் டேட்டன் நகருக்கு வெளியே இயங்கிய ஒரு தனியார் கழிவுச் சுத்திகரிப்பு நிலையம். கழிவுநீரை உயிரியல் முறையில் சுத்திகரித்து, மான்ட்கோமரி மாவட்டத்தின் பாதாளச் சாக்கடையில் விடுவது திட்டம்.

செய்தி வெளியானதும் அக்கம்பக்கத்தார் கூடினார்கள். நிலையத்தைச் சுற்றி ஏற்கெனவே நாற்றப் புகார்கள் இருந்தன. தினமும் வரும் நாற்றத்தையே கட்டுப்படுத்தாத இடம், இதை எப்படிக் கட்டுப்படுத்தும் என்பது அவர்கள் கேட்ட எளிய கேள்வி. உள்ளாட்சி மன்றங்கள் பல எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றின. மாவட்ட நிர்வாகம் அதோடு நிற்காமல், சுற்றுச்சூழல் பொறியியல் பேராசிரியர் ஒருவரைத் தன் செலவில் அமர்த்தித் திட்டத்தை ஆராயச் செய்தது. இந்த ஒரு செயல்தான் விவாதத்தின் போக்கை மாற்றியது. அதுவரை ராணுவம் பேசியது அறிவியல், மக்கள் பேசியது அச்சம் என்ற தோற்றம் இருந்தது. பேராசிரியரின் ஆய்வு, முன்மொழிந்த உயிரியல் முறை இந்தச் சேர்மங்களைச் சிதைக்கும் என்பதற்குத் தரப்பட்ட சான்றுகள் போதாது என்று காட்டியது.

மாவட்டத்தின் கையில் ஒரு சாவியும் இருந்தது. சாக்கடையில் எதை விடலாம் என்று அனுமதிக்கும் அதிகாரம் அதனுடையது. அனுமதி கிடைக்காது என்பது தெளிவானது. 2003 அக்டோபரில் ராணுவம் டேட்டன் திட்டத்தைக் கைவிட்டது.

டெலவேர் ஆற்றங்கரை, 2004–2007

அடுத்து, ஆபர்டீனின் கழிவுநீரைப் பெற்றுவந்த டீப்வாட்டர் நிலையமே முன்வந்தது. ஹைட்ரஜன் பெராக்சைடால் நாற்றத்தை அடக்கி, பிறகு தூளாக்கிய கரியும் பாக்டீரியாக்களும் சேர்ந்து இயங்கும் தொட்டிகளில் சுத்திகரித்து, மிஞ்சிய நீரை டெலவேர் ஆற்றில் விடுவது திட்டம். மேலே சொன்ன மூன்றாவது பண்பு இங்கே முழு வடிவில் எதிர்ப்பட்டது: பாஸ்பரஸ் சேர்மங்களில் பெரும்பகுதி ஆற்றுக்குத்தான் போகும். அங்கே மீனையும் நுண்ணுயிர்களையும் அவை என்ன செய்யும் என்பதற்கு அப்போது முழுமையான பதில் இல்லை.

ஆற்றின் இரு கரைகளிலும் மக்கள் அமைப்புகள் எதிர்த்தன. நியூ ஜெர்சி, டெலவேர் இரு மாநில ஆளுநர்களும் எதிர்த்தார்கள். மத்திய அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் திட்டத்தை ஆராய்ந்தது. சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஆற்றுச் சூழல் பற்றிய பகுதியைப் பார்த்தது. 2005-இல் வெளியான மையத்தின் அறிக்கை, சூழலியல் குறைகள் தீர்க்கப்படாமல் திட்டம் தொடரக் கூடாது என்றது. கூடுதல் சோதனைகள் நடந்த பிறகு, 2006-இல் வெளியான அடுத்த அறிக்கை அந்தக் கவலைகள் பெரும்பாலும் தீர்ந்துவிட்டதாகச் சொன்னது.

இந்த இரண்டு அறிக்கைகளுக்கும் இடைப்பட்ட காலம் கவனிக்கத்தக்கது. எதிர்ப்பு இல்லாமல் போயிருந்தால் இரண்டாவது சுற்றுச் சோதனைகள் நடந்திருக்க வேண்டிய கட்டாயமே இல்லை. மக்களின் கேள்விகள் திட்டத்தைத் தாமதப்படுத்தின என்று மட்டும் எழுதும் ஆவணங்கள், அந்தக் கேள்விகளால் திட்டம் மேம்பட்டது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். அதே சமயம், விடை கிடைத்த பிறகும் எதிர்ப்பு தணியவில்லை. முதல் அறிக்கை வந்தபோதே நம்பிக்கை போய்விட்டது. அதன் பின் வந்த நல்ல அறிக்கையை, வேண்டியவர்கள் வேண்டியபடி எழுதிக்கொண்டது என்றே கரையோர மக்கள் எடுத்துக்கொண்டார்கள்.

இதற்கிடையில் நியூபோர்ட்டில் காத்திருக்க முடியவில்லை. போக்கிடம் முடிவாகாத நிலையிலேயே 2005 மே மாதத்தில் வி.எக்ஸைச் சிதைக்கும் பணி தொடங்கியது. கழிவுநீர், லாரியிலும் ரயிலிலும் ஏற்றத்தக்க பெரிய டேங்க் கொள்கலன்களில் நிரப்பப்பட்டு வளாகத்திலேயே அடுக்கப்பட்டது. பணி தொடங்கிய சில வாரங்களில் சிறிதளவு கழிவுநீர் கட்டடத்துக்குள் சிந்தியது. அது தடுப்புக்கு வெளியே போகவில்லை, ஆனாலும் பணியை நிறுத்திச் சரிபார்க்க வேண்டியதாயிற்று. மாதங்கள் செல்லச் செல்ல நச்சின் இருப்பு குறைந்தது, கழிவுநீரின் இருப்பு ஏறியது. பாதுகாப்பு நோக்கில் இது சரியான முடிவு என்பதே என் மதிப்பீடு. ஆனால் பேரம் பேசும் நோக்கில் அதன் விளைவு வேறு: உருவாகிவிட்ட கழிவு எங்கேயாவது போய்த்தான் ஆக வேண்டும். ‘வேண்டாம்’ என்று சொல்லும் ஊர் இனி, தாளில் மட்டும் உள்ள ஒரு திட்டத்தை மறுக்கவில்லை. வளாகத்தில் நிற்கும் கொள்கலன்களை மறுக்கிறது.

2007 ஜனவரி தொடக்கத்தில் டுபாண்ட் நிறுவனம் தானாகவே விலகிக்கொள்வதாக அறிவித்தது. அதே மாதம், நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் ராணுவத்தின் செலவு ஒப்பீட்டை ஆராய்ந்து, அதன் நம்பகத்தன்மையை மேம்படுத்த வேண்டும் என்று அறிக்கை தந்தது. வளாகத்திலேயே முடிக்கும் வழியோடு ஒப்பிட்டுத்தான் வெளியே அனுப்பும் வழி மலிவு என்று சொல்லப்பட்டுவந்தது. அந்த ஒப்பீட்டின் கால் ஆடிக்கொண்டிருந்தது.

போர்ட் ஆர்தர், 2007

டெக்சாஸ் மாநிலத்தின் தென்கிழக்கு மூலையில், மெக்சிகோ வளைகுடாக் கரையோரம் இருக்கும் போர்ட் ஆர்தர், பெரிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் சூழ்ந்த நகரம். வெள்ளையரல்லாத மக்களே அங்கே பெரும்பான்மை. 2005 செப்டம்பரில் ரீட்டா சூறாவளி அடித்துப் போட்டதிலிருந்து ஊர் இன்னும் எழுந்துகொண்டிருந்தது. நகருக்கு வெளியே வியோலியா நிறுவனத்தின் அபாயகரக் கழிவு எரியூட்டும் உலை இருந்தது. பல வகைக் கழிவுகளை எரிப்பதற்கான அனுமதி அதன் கையில் ஏற்கெனவே இருந்தது.

2007 ஏப்ரலில் ராணுவம் அந்த நிறுவனத்தோடு ஏறத்தாழ 4.9 கோடி டாலர் ஒப்பந்தத்துக்கு வந்தது. பொதுமக்களுக்குச் செய்தி எட்டிய நாட்களில் லாரிகளும் புறப்பட்டுவிட்டன. டேட்டனிலும் டெலவேர் கரையிலும் நடந்தது போன்ற முன்விவாதம், தனி ஆய்வறிக்கை, இரண்டாம் சுற்றுச் சோதனை என எதுவும் இந்த ஊரில் இல்லை. பயணம் எட்டு மாநிலங்களின் நெடுஞ்சாலைகள் வழியே, ஏறத்தாழ ஆயிரம் மைல். ஒவ்வொரு லாரியும் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிக்கப்பட்டது. ஆனால் வழியிலுள்ள ஊர்கள் பலவற்றுக்கு அதில் என்ன போகிறது என்பது செய்தித்தாள் பார்த்தே தெரிந்தது.

முடிவெடுத்தவர்களின் தரப்பில் ஒரு வலுவான வாதம் இருந்ததை மறுக்க முடியாது. பாக்டீரியாவால் உடைக்க முடியாத கார்பன்–பாஸ்பரஸ் பிணைப்பை நெருப்பு உடைக்கும். உலையில் இட்டால், அந்தப் பிணைப்புள்ள பாஸ்பரஸ் சேர்மங்கள் ஆற்றுக்குப் போகும் என்ற பிரச்சினையே எழுவதில்லை. கந்தகம், பாஸ்பரஸ், சோடியம் ஆகியவற்றை வாயுக் கழுவியும் சாம்பலும் பிடித்துக்கொள்ள வேண்டும் என்ற வேறு வகைப் பிரச்சினைதான் மிஞ்சும். வேதியியலை மட்டும் வைத்து மூன்று திட்டங்களையும் தரவரிசைப்படுத்தச் சொன்னால், நான் மூன்றாவதையே முதலில் வைப்பேன்.

ஆனால் போர்ட் ஆர்தர் மக்கள் கேட்டது தரவரிசை அல்ல. ஒஹாயோவுக்கு ஆகாதது, நியூ ஜெர்சிக்கு ஆகாதது, எங்களுக்கு மட்டும் எப்படி ஆனது என்று அவர்கள் கேட்டார்கள். கழிவு அதேதான் என்பதால், சுத்திகரிக்கும் முறை மாறியிருக்கிறது என்ற விளக்கம் அவர்கள் காதில் சப்பைக்கட்டாகவே விழுந்தது. அதற்கு முன்னதாக, இண்டியானா மக்கள் உலை வேண்டாம் என்றதால்தான் இந்தக் கழிவுநீரே உண்டானது. கடைசியில் அது வேறோர் ஊர் மக்களின் தலையில், உலை வழியாகவே கட்டப்பட்டது. இந்தத் தொடர்ச்சியை எந்த அலுவலகமும் திட்டமிட்டு வரையவில்லை. ஒவ்வொரு மறுப்பும் அந்தந்த ஊருக்கு நியாயமானது. மறுப்புகளின் கூட்டுத்தொகைக்கு மட்டும் யாரும் பொறுப்பில்லை.

டேட்டனில் சாக்கடை அனுமதி ஒரு கதவாக இருந்தது. டீப்வாட்டரில் ஆறும் இரண்டு ஆளுநர்களும் கதவாக இருந்தார்கள். போர்ட் ஆர்தரில் உலையின் அனுமதி பல ஆண்டுகளுக்கு முன்பே வழங்கப்பட்டுவிட்டது. ஆகவே ஊரார் தட்டுவதற்குத் திறந்த கதவே இல்லை. அந்த இடத்தைத் தேர்ந்தெடுக்க இந்த வசதி எந்த அளவுக்குக் காரணமாக இருந்தது என்பதை ஒப்பந்த ஆவணங்கள் சொல்லாவிட்டாலும், ஊரார் அதை உடனே புரிந்துகொண்டார்கள்.

நீதிமன்றத்தில்

மிஞ்சியிருந்த ஒரே வழி வழக்கு. போர்ட் ஆர்தரின் உள்ளூர் அமைப்பு ஒன்றும், தேசிய அளவிலான சுற்றுச்சூழல் அமைப்புகளும், ரசாயன ஆயுத அழிப்பைக் கண்காணித்துவந்த கூட்டமைப்பும் சேர்ந்து இண்டியானாவிலுள்ள மத்திய நீதிமன்றத்தை அணுகின. மாநில எல்லை தாண்டிக் கொண்டுசெல்லக் கூடாது என்ற சட்டம் இந்தக் கழிவுநீருக்கும் பொருந்தும், எண்ணெய் அடுக்கில் வி.எக்ஸ். மிஞ்சியிருக்கலாம் அல்லது மீண்டும் உருவாகலாம், அளக்கும் முறை நம்பத்தக்கதல்ல என்பவை அவர்களின் முக்கிய வாதங்கள். ஜூன் மாதத்தில் ராணுவம் தானாகவே லாரிகளை நிறுத்திவைத்தது. இரு தரப்பு வேதியியலாளர்களும் சாட்சியம் சொன்ன பிறகு, ஆகஸ்டில் நீதிபதி இடைக்காலத் தடை விதிக்க மறுத்தார். லாரிகள் மீண்டும் ஓடத் தொடங்கின.

மாதிரி எடுப்பது பற்றிய கேள்வி, ஆண்டுக்கணக்கில் கூட்டங்களில் அலைந்த பிறகு, நீதிமன்றத்தில்தான் முதல் முறையாக இரு தரப்பும் ஒரே தாளை வைத்துக்கொண்டு பேசும் நிலைக்கு வந்தது. அதற்கு நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது என்பது ஏற்பாட்டின் குறை.

விளைவு

2008 ஆகஸ்டில் நியூபோர்ட்டின் கடைசி வி.எக்ஸ். சிதைக்கப்பட்டது. அடுத்த சில வாரங்களில் கழிவுநீரின் கடைசிக் கொள்கலன்களும் வெளியேறின. மொத்தம் ஏறத்தாழ 20 லட்சம் கேலன், அதாவது 75 லட்சம் லிட்டர் அளவிலான கழிவுநீர் போர்ட் ஆர்தரில் எரிக்கப்பட்டது. மக்கள் அஞ்சியது போன்ற பெரிய சாலை விபத்தோ நச்சுக் கசிவோ நேரவில்லை. கிடங்கு 2010-இல் மூடப்பட்டு, நிலம் உள்ளூர் மறுபயன்பாட்டு அமைப்பிடம் போய், இன்று தொழிற்பூங்காவாக இருக்கிறது. இண்டியானா மக்களைப் பொறுத்தவரை இது வெற்றி. அப்படிச் சொல்ல அவர்களுக்கு எல்லா உரிமையும் உண்டு, நாற்பதாண்டு காலம் அந்த உருளைகளின் பக்கத்தில் வாழ்ந்தவர்கள் அவர்கள்.

போர்ட் ஆர்தரில் கணக்கு அப்படி முடியவில்லை. 2009-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, சுற்றுச்சூழல் நீதிக்கான முன்மாதிரி நகரங்களில் ஒன்றாக அந்த ஊரைத் தேர்ந்தெடுத்தது. ஆனால் உலைக்கு வரும் சரக்கு நின்றுவிடவில்லை. 2014-இல் சிரியாவின் ரசாயன ஆயுத இருப்பிலிருந்து எடுத்த ஹைட்ரஜன் ஃப்ளூரைடை அழிக்கும் பணியும் அதே இடத்துக்குத்தான் போனது. ஒரு முறை திறந்த பாதை, அடுத்த முறை எளிதாகிவிடுகிறது.

மாற்ற வேண்டியவை

முதன்மையான மாற்றம் வரிசையில் வேண்டும். சிதைக்கும் பணியைத் தொடங்குவதற்கு முன், கழிவு போய்ச் சேரும் இடம் அந்த ஊரின் இசைவோடு முடிவாகியிருக்க வேண்டும். அப்படி முடிவாகாத வரை வளாகத்திலேயே முடிக்கும் மாற்று வழி கைவசம் இருக்க வேண்டும். நியூபோர்ட்டில் இரண்டாம் கட்ட ஆலையைக் கைவிட்ட நாளிலேயே ராணுவம் தன் மாற்று வழியை இழந்துவிட்டது. கொலராடோ மாநிலத்தின் புவெப்லோவில் கழிவுநீரை வளாகத்திலேயே உயிரியல் முறையில் சுத்திகரித்தார்கள். அது கடுகு வாயுக் கழிவு, வேதியியல் எளிது என்பதை ஒப்புக்கொண்டாலும், வரிசை சரியாக இருந்தது. இதற்கு எதிரான வாதமும் உண்டு: அவசரம் உண்மையானது, இருப்பு நீடிக்கும் ஒவ்வொரு மாதமும் ஆபத்து. அவசரம் அவ்வளவு உண்மையானால், சேருமிடத்தோடு பேசும் வேலையை 2001-இலேயே, ஒப்பந்தக்காரரிடம் விடாமல், அரசே தொடங்கியிருக்கலாம்.

ஆலோசனைக் குழு பற்றியது அடுத்தது. கிடங்குள்ள மாநிலத்துக்குச் சட்டம் தந்த குழுவை, கழிவைப் பெறும் ஊருக்கும் தர வேண்டும். அந்தக் குழு தனக்கு வேண்டிய வேதியியலாளரைத் தானே அமர்த்திக்கொள்ள நிதியும் வேண்டும். மான்ட்கோமரி மாவட்டம் இதைத் தன் பணத்தில் செய்தது. சூறாவளியில் சிதைந்த ஒரு நகரத்திடம் அதே பணத்தை எதிர்பார்க்க முடியாது.

மாதிரி எடுப்பதில், ஒவ்வொரு தொகுதியின் இரண்டு அடுக்குகளிலிருந்தும் தனித்தனியாக மாதிரி எடுத்து, அவற்றில் ஒரு பங்கை ராணுவத்தோடு தொடர்பில்லாத ஆய்வகத்துக்கு அனுப்பும் ஏற்பாடு முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும். கருவி பார்க்கக்கூடிய கீழெல்லை எவ்வளவு, அது எந்த அடுக்குக்குப் பொருந்தும் என்பதைப் பொது அறிவிப்பிலேயே எழுத வேண்டும். இதில் செலவு பெரிதல்ல. நீதிமன்றத்தில் கழிந்த வாரங்களின் செலவோடு ஒப்பிட்டால் மிகச் சிறிது.

வழியிலுள்ள ஊர்களின் தீயணைப்புத் துறைகளுக்கு, லாரிகள் புறப்படுவதற்கு முன்பே, கடுங்காரத் திரவம் சிந்தினால் என்ன செய்வது, நாற்றம் வந்தால் அதை எப்படிப் புரிந்துகொள்வது என்ற பயிற்சி தர வேண்டும். தயோலமினின் நாற்றம் இங்கே ஒரு நன்மை: கசிவு கருவிக்கு முன் மூக்குக்குத் தெரியும். ஆனால் அதைப் பற்றி முன்கூட்டிச் சொல்லாவிட்டால் அந்த நாற்றமே பீதியைக் கிளப்பும்.

கடைசியாக, அளவீடு. பல ஆலைகளின் புகை கலக்கும் ஊரில், எரிப்புப் பணி முடிந்த பிறகு ‘இதனால் எங்கள் காற்றுக்கு என்ன ஆயிற்று’ என்று ஒருவர் கேட்டால், பணிக்கு முந்தைய அளவீடு இல்லாமல் யாராலும் பதில் சொல்ல முடியாது. உலைக்கு அருகிலுள்ள குடியிருப்புகளில், முதல் லாரி வருவதற்குக் குறைந்தது ஓராண்டுக்கு முன்பே காற்றை அளக்கத் தொடங்கி, பணி முடிந்து ஓராண்டு வரை அளந்து, விவரத்தை ஊராரிடமே கொடுக்க வேண்டும். அந்தச் செலவை எரிப்பு ஒப்பந்தத்தின் விலையிலேயே சேர்க்க வேண்டும். நகரத்தின் வரிப்பணத்தில் ஏற்றக் கூடாது.